இடம் ஒதுக்குதல்

கொப்பியின் நடுப்பக்கத்தில்
பேனையால் நாலு பெட்டி கீறினேன்.
சின்னது, ஐந்நூறு ஜிபி:
சேர்வர் தான் யாரென்று நினைவு வைத்திருக்க மட்டும்.
வேறெதுவும் அதில் வைக்கக் கூடாது.
ஒரு டெராபைட் எஸ்எஸ்டி:
ஐந்து மெஷினுக்கும் படுக்கை.
மிச்சம் இரண்டும் நாலு நாலு டெராபைட், சுழல்கிறவை,
ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்தபடி.

வெள்ளவத்தை, கடற்கரைப் பக்க ஒழுங்கை, நாலாம் மாடி.
போன வருஷம் வாங்கிய மின்விசிறியின் கம்பிவலை
இப்போதே தேத்தண்ணி நிறம்.
ஆகவே சேர்வர் அலுமாரிக்குள்,
நான் கட்டாத எட்டுச் சேலைகளுக்குக் கீழே.
சூடு ஏறுமே என்றால்,
கதவு ஒரு சாண் திறந்தே கிடக்கட்டும்.

பம்பலப்பிட்டிக் கடையில் இஷ்ஃபாக் எடுத்து வைத்த
இரண்டு டிஸ்க்கும் அடுத்தடுத்த இலக்கம்.
ஒன்று ஏழில் முடிகிறது, மற்றது எட்டில்.
வேறு பெட்டியிலிருந்து ஒன்று தா என்றேன்.
"ஏன் அக்கா, ரெட்டப் புள்ள மாதிரி வடிவாத்தானே ஈக்குது?"
அதுதான் பயம்.
ஒரே நாளில் பிறந்தவை
ஒரே கிழமையில் போகக்கூடும்.
ஏழை மட்டும் வாங்கிக்கொண்டு
மருதானைக்கு பஸ் ஏறினேன்,
எட்டாக இல்லாத ஒன்றைத் தேடி.

மிரர் என்றால் இவ்வளவுதான்:
இடப்பக்கம் எழுதினால் வலப்பக்கமும் எழுதப்படும்.
இடப்பக்கம் அழித்தால்
வலப்பக்கமும், அதே நொடியில், மிகுந்த விசுவாசத்தோடு.
சித்திரையில் அப்படித்தான் ஒரு ஃபோல்டர் போனது.
அதில் என்னென்ன இருந்தன என்ற பட்டியலும்
அதற்குள்தான் இருந்தது.

ஐந்து மெஷினுக்கும் தலா முந்நூறு ஜிபி
தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.
ஒரு டெராபைட் என்று விற்பார்கள்,
திறந்தால் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று.
கூட்டிப் பாருங்கள்.
பொய்தான். ஆனால் இந்தப் பொய்க்கு
மரியாதையான தொழில்நுட்பப் பெயர் ஒன்று உண்டு.
எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்க மாட்டார்கள்
என்கிற நம்பிக்கையில் நிற்கிறது,
எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி போல.
பன்னிரண்டு வீடு.
ஒவ்வொரு குழாயும்
தாங்கி முழுவதும் தனக்கென்று நினைத்தே திறக்கிறது.

எழுதிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. பதினொரு நிமிஷம் தாங்கும்.
யாரை முதலில் படுக்க வைப்பது?
வாடகைக் கணக்கையா, வாசல் கமராவையா,
உடைத்து உடைத்துப் பழகவென்று வைத்திருக்கும் லினக்ஸையா?
ஃபோன் வெளிச்சத்தில் ஓரத்தில் வரிசை எழுதினேன்.
எழுதி முடிக்குமுன் கரண்ட் வந்துவிட்டது.
வரிசை அப்படியே கிடக்கிறது,
கமரா எங்கே என்று நானே தேடும் கையெழுத்தில்.

மூன்றாவது பிரதி இந்த வீட்டில் இருக்கக் கூடாது.
கடல் வரலாம், நெருப்பு வரலாம், கள்ளன் வரலாம்.
நுகேகொடையில் தினூஷியின் லாச்சிக்குள்
என் பழைய இரண்டு டெராபைட்,
அவளுடைய மகனின் தடுப்பூசி அட்டைகளுக்கு அடியில்.
அவளுடையது என்னிடம், குசினித் தட்டில்,
அரிசி வாளிக்கு மேலே.
இரண்டும் பூட்டியவை.
மாதம் ஒருமுறை பஸ் தரிப்பிடத்தில்
சாப்பாட்டுப் பெட்டி போலக் கைமாற்றுகிறோம்.
பத்து வருஷம் பக்கத்து மேசை.
அவள் என்ன வைத்திருக்கிறாள் என்று நான் கேட்டதில்லை.
பாரம் மட்டும் தெரியும்: நூற்றியெழுபது கிராம்.

ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு ஸ்க்ரப்.
கரையோர ரயில்களெல்லாம் ஓய்ந்த பிறகு
அலுமாரிக்குள் இரண்டு டிஸ்க்கும்
துண்டு துண்டாக ஒன்றையொன்று விசாரிக்கும் சத்தம்.
விழித்திருந்து கேட்டேன்.
பிழை: பூச்சியம்.

காலையில் பல் தீட்டக் குழாயைத் திறந்தேன்.
இருமியது. பிறகு வெறும் காற்று.
இரண்டாம் மாடியில் கலியாண வீடு,
விடியுமுன்னே எல்லாரும் குளித்துவிட்டார்கள்.
வாயில் நுரையோடு வந்து
கொப்பியில் முந்நூறை வெட்டி
நூற்றியெண்பது என்று எழுதினேன்,
ஐந்து தரம்.